மெய்வழிபாடும் கொரிந்து நகரத்து விருந்தும்



ஞாயிற்றுக்கிழமை காலையிற் கோவில் மணி ஒலிக்கின்றது. வெண்ணிற ஆடை உடுத்து, வேதப் புத்தகமும் பாட்டுப் புத்தகமும் கையில் ஏந்தி மக்கள் குடும்பம் குடும்பமாகச் செல்கின்றனர். எங்கே செல்கின்றீர்கள் என்று வினவினால், ஆராதனைக்குச் செல்கின்றோம் என்பர். ஒன்றரை மணி நேரம் கழிந்ததும், ஆராதனை முடிந்தது என்று கூறித் திரும்புவர். முடிந்தது என்ற அந்தச் சொல்லைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகின்றேன். ஆராதனை எவ்விடத்தில் தொடங்குகின்றது, எவ்விடத்தில் முடிகின்றது என்பது, நாம் எண்ணுமளவு எளிதாக விடை கூறத்தக்க வினா அன்று.

கடவுளைத் தொழுதற்கு நம் மொழியில் வழங்கும் சொற்களுள் வழிபாடு என்பது மிகப் பழையது. ஒருவர் காட்டிய வழியிலே ஒழுகுதல், அவர் சொற்படி நிற்றல் என்பதே அதன் முதற்பொருள். மாணவன் ஆசிரியரை வழிபட்டான் என்றால், அவரைக் கண்டு கைகூப்பினான் என்பது மாத்திரம் பொருளன்று. அவர் கற்பித்த நெறியில் நின்றான் என்பதே பொருள். இயேசு பெருமானை முதன்முதற் பின்பற்றினோர்க்கும் 'வழியைச் சேர்ந்தவர்கள்' என்றதொரு பெயர் வழங்கிற்று என்பதை அப்போஸ்தலருடைய நடபடிகளைக் கூறும் நூலிலே காண்கின்றோம். எபிரேய மொழியில் அவோதா என்ற ஒரே சொல், வயலிற் செய்யும் வேலையையும் குறிக்கும்; ஆலயத்திற் செய்யும் தொண்டையும் குறிக்கும். நிலத்தை உழுபவனும் பலிபீடத்தருகே நிற்பவனும் செய்வது ஒரே சொல்லில் அடங்கிற்று.

சொல்லாராய்ச்சி இவ்வளவிற் போதும். சொற்கள் அழகாக அமைந்துவிட்டதனாலே வாழ்க்கையும் அவ்வாறே அமைந்துவிடும் என்பதற்கில்லை. வழிபாடு என்பது என்ன என்ற வினா, கிறிஸ்து மார்க்கம் தோன்றிச் சில ஆண்டுகளுக்குள்ளேயே ஒரு வீட்டில், ஓர் உணவு வேளையில், மிகக் கடுமையாக எழுந்தது. அந்த வீடு கொரிந்து நகரில் இருந்தது.

கிரேக்க நாட்டின் வடபாகத்தையும் தென்பாகத்தையும் இணைக்கும் ஒடுங்கிய நிலத்திற்கு அருகே கொரிந்து அமைந்திருந்தது. ஒரு புறம் லெக்கேயோன் என்ற துறைமுகம். மறுபுறம் கெங்கிரேயா என்ற துறைமுகம். இரு கடல்களின் வாணிகமும் அந்நகரின் வழியே சென்றது. கி.மு. 146ஆம் ஆண்டில் உரோமர் அதனை அழித்தனர். நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், கி.மு. 44ஆம் ஆண்டில், யூலியஸ் சீசரின் ஆணையால் அது மீண்டும் எழுந்தது. புதிதாகக் குடியேறியோரிற் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். பழங்குடிப் பெருமை பேசுவதற்கு அங்கே இடமில்லை. ஆனால், பழம்பெருமை இல்லாத இடத்திலே புதுப்பெருமைக்குப் பஞ்சம் இருப்பதில்லை. கொடை கொடுத்துத் தம் பெயரைக் கல்லிற் பொறிப்பித்துக்கொண்ட செல்வரின் கல்வெட்டுக்கள் இன்றும் அந்நகரின் இடிபாடுகளிடையே கிடக்கின்றன.

இந்நகருக்குப் பவுலடிகள் ஏறத்தாழக் கி.பி. 50ஆம் ஆண்டில் வந்தார். அவரை விசாரணை செய்ய மறுத்த கல்லியோன் என்னும் தேசாதிபதியின் பெயர் டெல்பி என்ற இடத்திற் கிடைத்த கல்வெட்டொன்றில் இருப்பதனால், இக்காலத்தை நாம் ஓரளவு உறுதியாகவே கூறலாம். ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியருடன் கூடாரத் தொழில் செய்துகொண்டு ஒன்றரை ஆண்டு அங்கே தங்கினார். ஒரு சிறு சபை உருவாயிற்று. பின்னர் அவர் எபேசு நகரிற் பணியாற்றுங் காலத்தில், தாம் விட்டுவந்த சபையைப் பற்றி நல்லனவல்லாத செய்திகள் கடல் கடந்து அவர் செவிக்கு எட்டின. அவற்றுள் ஒன்று உணவைப் பற்றியது.

பிற சமயத்து அன்பர்களும் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் ஆதலால் ஒன்றை விளக்கிக் கூறுதல் வேண்டும். இயேசு பெருமான் தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவிலே தம் சீடரோடு அமர்ந்து அப்பத்தைப் பிட்டும் கிண்ணத்தைக் கொடுத்தும் தம்மை நினைவுகூருமாறு பணித்தார். அதனையே கிறிஸ்தவர் திருவிருந்து என்றும் நற்கருணை என்றும் போற்றுகின்றனர். இன்று அது ஒரு துண்டு அப்பமும் ஒரு மிடறு இரசமுமாகச் சுருங்கிவிட்டது. கொரிந்திலோ அது உண்மையான உணவாகவே இருந்தது. அப்போது தனிக் கோவில்கள் இல்லை. வசதி படைத்த ஒருவரின் வீட்டிலே எல்லோரும் கூடினர்.

அவ்வாறான வீடு எப்படி இருந்திருக்கும்? கொரிந்துக்கு அண்மையில் அனப்ளோகா என்ற இடத்தில் உரோமர் காலத்து மாளிகை ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றது. பவுலடிகளின் சபை கூடிய வீடு அதுவென்று எவரும் கூறவில்லை. ஆயினும் அக்காலச் செல்வர் வீட்டின் அமைப்பை அது நமக்குக் காட்டுகின்றது. அதன் உணவறை ஏறக்குறைய 5.5 மீற்றர் அகலமும் 7.5 மீற்றர் நீளமும் உடையது. உரோமர் மஞ்சங்களிற் சாய்ந்திருந்தே விருந்துண்பர். அவ்விதம் சாய்ந்துண்பதற்கு அந்த அறையில் 9 பேருக்கே வசதியாக இடமிருந்திருக்கும். ஏனையோர் வெளியே முற்றத்தில், மழைநீர்த் தொட்டியைச் சுற்றி, இருந்தும் நின்றும் உண்ணவேண்டியவர்களே. அந்த 9 பேர் எவர், முற்றத்தில் நின்றவர் எவர் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இன்னுமொன்று. செல்வர்க்கு நேரம் தம் கையில் இருந்தது. அவர்கள் பொழுதோடு வந்தனர். தாம் கொண்டுவந்ததைத் தாமே உண்ணத் தொடங்கினர். அடிமைகளும் துறைமுகத்திற் சுமை தூக்கியவர்களும் தம் எசமானர் விடை கொடுத்த பின்னரே வரமுடியும். அவர்கள் வந்து சேருமுன் உணவு முடிந்திருக்கும் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். ஒருவன் பசித்திருக்க மற்றொருவன் வெறித்திருக்கின்றான் என்று பவுலடிகள் மனம் நொந்து குறிப்பிடும் காட்சி இதுவே.

கொரிந்தியர் இதைத் தவறென்றே நினைக்கவில்லை போலும். அக்கால விருந்துகளிற் தகுதிக்கேற்பப் பந்தியும் பதார்த்தமும் வேறுபடுதல் உலக வழக்கம். உரோம எழுத்தாளர் பிளினி, தாம் சென்ற ஒரு விருந்தைப் பற்றித் தம் நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்றிருக்கின்றது. விருந்தளித்தவர் தமக்கும் சிலர்க்கும் உயர்ந்த உணவு, மற்றையோர்க்கு மலிந்த உணவு எனப் பிரித்தாராம். திராட்சை இரசத்தையும் மூன்று தரமாகப் பிரித்தாராம்: தமக்கும் தம்மையொத்தவர்க்கும் ஒன்று, தாழ்ந்த நண்பர்க்கு ஒன்று, விடுதலை பெற்ற அடிமைகளுக்கு ஒன்று. பிளினிக்கு அது அருவருப்பைத் தந்தது. ஆனால் ஊரார் பலரும் அவ்வாறே செய்தனர். கொரிந்துச் சபையிலிருந்த செல்வரும் தம் வீட்டில் எப்போதும் நடப்பதையே அன்றும் செய்தனர். செபம் சொல்லப்பட்டிருக்கும். பாட்டும் பாடப்பட்டிருக்கும். பற்பல மொழிகளிற் பேசும் வரமும் தீர்க்கதரிசனமும் அந்தச் சபையிலே நிரம்பியிருந்தன என்பதைப் பவுலடிகளே ஒப்புக்கொள்கின்றார். அதாவது, இக்கால முறையிற் கூறினால், ஆராதனை மிகச் சிறப்பாகவே நடந்துகொண்டிருந்தது.

அச்சபைக்கு அவர் எழுதியது என்ன? நீங்கள் கூடுவதனால் நன்மையன்று, தீமையே விளைகின்றது என்றார். நீங்கள் உண்பது கர்த்தருடைய விருந்தே அன்று என்றார். இது சாதாரணக் கண்டனமன்று. அப்பம் இருந்தது, கிண்ணம் இருந்தது, கூட்டம் இருந்தது. ஆயினும் வழிபாடு அங்கே இல்லை என்கின்றார் அப்போஸ்தலர். செபத்தின் வாசகத்திற் பிழை கண்டாரல்லர். நடத்துபவரின் தகுதியையும் அவர் ஆராயவில்லை. பிந்தி வந்த ஏழையின் வயிறு காலியாயிருந்தது. அது ஒன்றே அவர் கண்ட குறை. இல்லாதவர்களை வெட்கப்படுத்துவது கடவுளின் சபையை அவமதிப்பதாகும் என்று அவர் இரண்டையும் ஒன்றாகவே கூறுகின்றார்.

இங்கே நான் எப்போதும் வியக்கின்ற ஒன்றைக் கூறவேண்டும். திருவிருந்தின்போது பீடத்தண்டையிற் குருவானவர் கூறும் அந்தப் புனிதமான வார்த்தைகள், அந்த இரவிலே ஆண்டவர் அப்பத்தை எடுத்ததைப் பற்றிய வார்த்தைகள், முதன்முதலில் எழுத்தில் வந்தது எங்கே? நான்கு சுவிசேடங்களும் எழுதப்படுமுன்னரே, கி.பி. 50க்குப் பின்வந்த சில ஆண்டுகளுள் எழுதப்பட்ட இக்கடிதத்திலேதான் வந்தது. இந்தச் சாப்பாட்டுத் தகராறைத் தீர்ப்பதற்காகவே பவுலடிகள் அவற்றை நினைவூட்டினார். முற்றத்தில் நின்ற பசித்தவர்கள் இல்லையாயின், அந்த வார்த்தைகள் அவர் கடிதத்தில் எழுதப்பட்டிருக்குமோ என்பது ஐயமே.

கொரிந்தியருக்கு அவர் கூறிய பரிகாரமும் கவனிக்கத்தக்கது. கூட்டத்தை நிறுத்திவிடுங்கள் என்றாரல்லர். ஏழைக்கு உதவினாற் போதும், செபமும் விருந்தும் எதற்கு என்று இக்காலத்திற் சிலர் பேசுகின்றார்களே, அந்த வழியில் அவர் செல்லவில்லை. அவ்வாறு பேசுவோரின் மனவருத்தம் எனக்கு விளங்குகின்றது. கோவிலிற் கண்ட போலித்தனமே பலரை அவ்வாறு பேசச் செய்கின்றது. ஆயினும் இல்லத்திற் சண்டை என்பதற்காக உணவையே நிறுத்திவிட்ட குடும்பம் ஒன்றாக வாழ்வதில்லை. அப்போஸ்தலர் கூறியது மிகச் சிறியதொரு காரியம்: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதே. துறைமுகத்திலிருந்து வேலைமுடித்து வருகின்றவன் வந்து சேரும்வரை எவரும் அப்பத்தைத் தொடலாகாது. அக்காத்திருத்தலும் வழிபாட்டின் ஒரு பகுதி ஆகிவிடுகின்றது.

அக்காலத்தில் அவர் மற்றொரு பணியையும் மேற்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்த ஏழை விசுவாசிகளுக்காகக் கிரேக்க நாட்டுச் சபைகளிற் பணம் சேர்த்தார். வாரத்தின் முதலாம் நாளில் ஒவ்வொருவரும் தத்தம் வருவாய்க்கேற்ப ஒரு தொகையை எடுத்து வைக்குமாறு கொரிந்தியருக்குப் பணித்தார். பின்னர் அப்பணத்தைப் பற்றி எழுதுகையில் லெயித்தூர்கியா என்ற கிரேக்கச் சொல்லை அதற்கு வழங்குகின்றார். பழைய ஏதென்சில், செல்வர் ஒருவர் தம் பொருளைச் செலவிட்டு நகரத்திற்காகப் போர்க்கப்பல் பேணுவதற்கும், திருவிழாவிற் பாடற்குழு நடத்துவதற்கும் அப்பெயர். ஆலயத்தில் ஆசாரியர் செய்யும் பணிக்கும் அப்பெயர் வந்தது. இன்று கீழைத் திருச்சபைகளில் நற்கருணை ஆராதனைக்கே அதுதான் பெயர். காசு சேர்க்கும் பெட்டிக்கும் பீடத்திற்கும் ஒரே சொல்லை அவர் தெரிந்தெடுத்தது தற்செயலன்று என்றே நான் கருதுகின்றேன்.

அப்பணத்தோடு எருசலேமுக்குப் புறப்படுமுன் அவர் மீண்டும் கொரிந்தில் தங்கினார். அங்கிருந்துதான் உரோமாபுரியாருக்குத் தம் பெருங்கடிதத்தை எழுதினார் என்பர். அதன் இறுதியில் வாழ்த்துக் கூறுவோருள் தமக்கும் சபை முழுவதற்கும் வீடு கொடுத்த காயு என்பவர் ஒருவர். நகரத்தின் பொருளாளராகிய எரஸ்து மற்றொருவர். கெங்கிரேயாத் துறைமுகத்துச் சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளை அன்போடு ஏற்றுக்கொள்ளுமாறும் வேண்டுகின்றார். அக்கடிதத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்திலே, ஆலயப் பணிக்குரிய சொல்லையே எடுத்து, உங்கள் சரீரங்களை உயிருள்ள பலியாகக் கொடுப்பதே உங்கள் வழிபாடு என்ற கருத்தை அவர் எழுதினார். உள்ளத்தை என்று எழுதாது சரீரத்தை என்று எழுதினார். பசிக்கின்ற, களைக்கின்ற, பிந்தி வந்து முற்றத்தில் நிற்கின்ற சரீரங்களை அந்நகரிலே தம் கண்ணாற் கண்டவர் அவர். அதன்பின் அந்த அதிகாரம் முழுவதும் குறைவுற்றோரோடு பகிர்தல், அந்நியரை உபசரித்தல், அழுவோருடன் அழுதல், தாழ்ந்தோருடன் கூடியிருத்தல், பசித்த பகைவனுக்கும் உணவளித்தல் என இவ்வாறே செல்கின்றது.

இப்போதனை பலித்ததா என்று நீங்கள் கேட்கலாம். விருந்தைக் குறைகூறிய அதே பிளினி, ஏறத்தாழக் கி.பி. 112ஆம் ஆண்டில் பித்தினியா நாட்டின் ஆளுநராயிருந்து, பிடிபட்ட கிறிஸ்தவர்களை விசாரித்து அரசருக்கு எழுதிய அறிக்கை இன்றும் உள்ளது. விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைக் கடவுளாகப் பாடுகின்றனர். களவு செய்யோம், விபசாரம் செய்யோம், தந்த வாக்கை மீறோம், நம்பி ஒப்படைத்த பொருளை மறுக்கோம் என்று உறுதி பூணுகின்றனர். பின்னர் கூடி எளிய உணவை உண்கின்றனர். அவர் கண்டுபிடித்த குற்றம் இவ்வளவே. உண்மையை அறிவதற்காக அவர் சித்திரவதை செய்த இருவர் அச்சபையில் ஊழியம் செய்த அடிமைப் பெண்கள். கொரிந்தில் முற்றத்தில் நிறுத்தப்பட்டவர்கள் பித்தினியாவில் ஊழியராய் இருந்தனர். இன்னும் நாற்பது ஆண்டு கழித்து உரோமையில் யுஸ்தீன் என்ற ஞானி ஞாயிறு ஆராதனையை வருணிக்கும்போது, வாசிப்பு, போதனை, செபம், அப்பம், கிண்ணம் என்பவற்றைக் கூறி, வரமுடியாதவர்களுக்கு உதவி ஊழியர் அவற்றைக் கொண்டுசெல்வதையும், செல்வர் மனமுவந்து கொடுத்த பொருள் அநாதைகள், விதவைகள், நோயாளர், சிறைப்பட்டோர், வழிப்போக்கர் ஆகியோருக்குச் செலவிடப்படுவதையும் அதே மூச்சிற் கூறுகின்றார். அவருக்கு அது ஆராதனைக்குப் பின் நடக்கும் வேறொரு கருமம் அன்று.

கிரேக்கரையும் உரோமரையும் பற்றிப் பேசுவது நமக்கு எளிது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய செல்வரைக் கண்டிப்பதற்கு நமக்கு யாதொரு செலவுமில்லை. நம் தமிழ்ச் சபைகளின் வரலாற்றை எடுத்தால் அதே முற்றத்தையும் அதே உணவறையையும் காண்கின்றோம். தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சாதிக்கேற்பக் கோவிலில் இடம் பிரிக்கப்பட்டிருந்தது. 1833ஆம் ஆண்டிற் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் உவில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றுநிருபம் விடுத்தபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் திருவிருந்தை விட்டாலும் விடுவோம், சாதியை விடோம் என்று விலகினர். இனிய கிறிஸ்தவப் பாடல்களை நமக்குத் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் அவ்வேற்றுமையை உலக மரியாதை என்று கூறி அதன் பக்கம் நின்றார். அவர் பாட்டிலே பக்தி குறைவு என்று எவரும் சொல்லமாட்டார். அதுவே இக்காரியத்திற் துயரம். கொரிந்துச் செல்வரும் உலக மரியாதையைத்தானே செய்தார்கள்? யாழ்ப்பாணத்துச் சபைகளில் வாங்குகளும் பாய்களும் எவ்வாறு பிரிந்திருந்தன என்பதை முதியோர் வாய்க் கேட்டவர்கள் நம்மிடையே உண்டு. வேறு காரணம் கூறிப் பிரிந்த இடங்களிலும் உட்காரணம் அதுவாக இருந்ததையும் அறிவோம்.

இயேசு பெருமானின் மலைப் பிரசங்கத்தில் ஒரு கட்டளை இருக்கின்றது. பலிபீடத்திற்குக் காணிக்கை கொண்டுவந்த ஒருவன், தன் சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டென்று அங்கே நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும் என்பதாம். இதைக் கேட்டவர்கள் கலிலேயாவின் குடியானவரும் மீன்பிடிகாரரும். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். கலிலேயாவிலிருந்து அங்கே போக மூன்று நாள் நடக்க வேண்டும். காணிக்கையை வைத்துவிட்டு மூன்று நாள் நடந்து ஊருக்கு வந்து, அயலவனோடு சமாதானமாகி, மீண்டும் மூன்று நாள் நடந்து போகவேண்டும். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நமக்கோ கோவிலிலிருந்து அயல் வீடு ஒரு வேலியடைப்பு தூரத்தில் இருக்கின்றது. அந்த எல்லை வேலியைப் பற்றிய வழக்கே ஒருவேளை மனத்தாங்கலுக்குக் காரணமாகவும் இருக்கும்.

1947ஆம் ஆண்டில் தென்னிந்திய திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணமும் அதன் ஆதீனங்களுள் ஒன்றாயிற்று. 1950ஆம் ஆண்டில் அத்திருச்சபை வகுத்த திருவிருந்து ஆராதனை முறையில், மேலைச் சபைகள் பெரும்பாலும் கைவிட்டிருந்த ஒரு பழைய வழக்கம் மீண்டும் சேர்க்கப்பட்டது. சமாதானம் கொடுத்தல் என்பது அதன் பெயர். காணிக்கைக்கு முன்னர், குருவானவர் தம்மோடு நிற்பவரின் வலக்கையோடு தம் வலக்கையைச் சேர்க்கின்றார். இருவரும் தத்தம் இடக்கையால் மற்றவரின் வலக்கையை மூடுகின்றனர். அவ்வாறு பெற்றவர் சபையாருக்குக் கொடுக்க, அது கை கைமாறி வாங்கு வாங்காகச் செல்கின்றது. வாயாற் கூறினால் மட்டும் போதாது, கையைத் தொடவேண்டும் என்று வகுத்தவர்கள், எந்த நாட்டில் இருந்து இதை எழுதினோம் என்பதை நன்கு அறிந்தே எழுதியிருப்பர்.

இன்று பல இடங்களில் அது விரைவாக முடிந்துவிடுகின்றது. பக்கத்திலிருக்கும் மனைவிக்கும், முன்வாங்கிலிருக்கும் நண்பருக்கும் கைகொடுத்துவிட்டு அமர்ந்துவிடுகின்றோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சற்றே பின்னாலும் திரும்பிப் பாருங்கள். கடைசி வாங்கிற்கும் அப்பால், கதவோரத்தில், பிந்தி வந்த ஒருவர் தனியே நின்றுகொண்டிருப்பார். கைகள் அவர்வரை எட்டா. யாராவது ஒருவர் தம் இடத்தைவிட்டு எழுந்து, எல்லோரும் காணப் பத்தடி நடந்து அவரிடம் போகவேண்டும். அதுவரை காணிக்கைத் தட்டு பீடத்தண்டையிற் காத்திருக்கலாம்.